சமையலறைக் கணக்குப் பெட்டியும் லாங் பஜார் படியும்

குழந்தைகள் சமையலறையில் விளையாடிக்கொண்டே கணக்குக் கற்றுக்கொள்வார்கள் என்ற விளம்பரத்தோடு இணையத்தில் சில பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் ஒன்றை 1,299 ரூபாய் கொடுத்து வாங்கி, இரண்டாம் வகுப்பு முடித்த மகளையும் ஐந்தாம் வகுப்பு முடித்த மகனையும் வைத்துக்கொண்டு, காட்பாடியில் உள்ள எங்கள் வீட்டில் கோடை விடுமுறை முழுவதும் பயன்படுத்திப் பார்த்தோம். அதே விடுமுறையில் வேலூர் லாங் பஜாரின் பாத்திரக் கடை ஒன்றில் படி, அரைப்படி, கால்படி, ஆழாக்கு என்ற நான்கு எவர்சில்வர் அளவைகளையும், சமையலறைக்கான டிஜிட்டல் தராசு ஒன்றையும் வாங்கினோம். இந்த மதிப்புரை மூன்றையும் பற்றியது. மூன்றும் ஒரே அளவுக்குப் பயன்படவில்லை என்பதால், மூன்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப்போவதில்லை.

பெட்டிக்குள் இருப்பவை: ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று அச்சிட்ட நான்கு பிளாஸ்டிக் கோப்பைகள், ஐந்து கரண்டிகள், சிறிய இரட்டைத் தட்டுத் தராசு, அதற்கான எடைக்கற்கள், மூன்று நிமிட மணற்கடிகாரம், வழவழப்பான செய்முறை அட்டைகள். பார்வைக்கு எல்லாம் அழகாக இருக்கின்றன. கரண்டிகள் சரியான அளவில் உள்ளன. மூன்று சிறு கரண்டி ஒரு பெரிய கரண்டி என்பதை மகள் உப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். மணற்கடிகாரம் அவளுக்குப் பல் துலக்கத்தான் பயன்பட்டது.

சிக்கல் கோப்பைகளில் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம் எடை இருக்கும் என்பதால், கோப்பையின் அளவைச் சரிபார்க்க வேறு கருவி எதுவும் தேவையில்லை. தராசில் வைத்துத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினால் போதும். மகன் அப்படித்தான் அளந்தான். ஒரு கோப்பையில் 238 கிராம் தண்ணீர் பிடித்தது. அரைக் கோப்பையும் கால் கோப்பையும் அதற்கு ஏறக்குறைய ஒத்துவந்தன. மூன்றில் ஒன்று என்று அச்சிட்ட கோப்பையில் பிடித்ததோ 71 கிராம்தான். மூன்று முறை ஊற்றிய பிறகும் பெரிய கோப்பையின் மேல்பக்கம் காலியாகவே இருந்தது. அவன் 71-ஐ மும்முறை கூட்டி 213 என்று எழுதி, 238-லிருந்து கழித்து, மீதி 25 எங்கே போயிற்று என்று கேட்டான். பின்னத்தைக் கற்பிப்பதற்கென்றே விற்கப்படும் பொருளில் மூன்று மூன்றிலொன்று சேர்ந்து ஒன்றாகவில்லை என்றால், அதை நம்பிக் கற்கும் குழந்தை தன் கணக்கில்தான் ஏதோ பிழை என்று எண்ணிக்கொள்ளும். விற்பனையாளருக்கு எழுதினோம். சமையலுக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை என்று பதில் வந்தது. சமையலுக்குப் பெரிதில்லைதான், பின்னத்துக்குப் பெரிது.

கோப்பை என்பதே உலகம் முழுவதும் ஒரே அளவாக இல்லை என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் அது ஏறக்குறைய 237 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250 மில்லி. நம் ஊர்க் கடைகளில் 240, 250 என்று இரண்டு வகையும் கலந்தே கிடைக்கின்றன. இந்தப் பெட்டியில் அளவு எத்தனை மில்லி என்று எந்த இடத்திலும் அச்சிடப்படவில்லை. மில்லி கணக்கு அச்சிடாத கோப்பையைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

செய்முறை அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குக்கீஸ், மஃபின், பேன்கேக் என்று வரிசையாக வருகின்றன. ஓவன் இல்லாத வீட்டில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அட்டைகளை ஒதுக்கிவிட்டு, நம் வீட்டில் அன்றாடம் நடக்கும் சமையலையே கணக்காக மாற்றிக்கொண்டோம். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது எங்கள் வீட்டு அளவு. ஒன்றரைப் பங்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டால் அரிசி எவ்வளவு என்று கேட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னத்தைப் பெருக்கித்தான் ஆக வேண்டும். இட்லிப் பானையில் நான்கு தட்டுகள், தட்டுக்கு நான்கு குழிகள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் 16 இட்லியைப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று போக ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று யாருக்கு என்பதில் நடக்கும் சண்டையில், மீதி என்றால் என்ன என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தைவிடத் தெளிவாகப் புரிந்துவிடுகிறது.

டிஜிட்டல் தராசு நல்ல முதலீடு. ஐந்து கிலோ வரை, ஒரு கிராம் துல்லியத்தில் அளக்கும் சாதாரணத் தராசே போதும். சீரகம், கசகசா போன்ற ஓரிரண்டு கிராம் சாமான்களை அது சரியாகக் காட்டாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் பாத்திரத்தின் எடையைத் தானே கழித்துச் சுழியம் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது. காலிக் கிண்ணம் 164 கிராம், ரவையோடு சேர்த்து 331 கிராம் என்றால் ரவை எவ்வளவு என்ற கழித்தலை அந்தப் பொத்தான் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொள்கிறது. ஒரே கோப்பையில் தண்ணீர், சர்க்கரை, அரிசி, கோதுமை மாவு ஆகியவற்றை மாற்றி மாற்றி எடைபோட்டபோது, கொள்ளளவும் எடையும் வேறு வேறு என்பதை இருவரும் உணர்ந்துகொண்டார்கள். தண்ணீரின் எடையில் பாதியைச் சற்றே தாண்டியதுதான் மாவு. அதையே அழுத்தி நிரப்பினால் இருபது, முப்பது கிராம் ஏறிவிடுகிறது. மாவைக் கோப்பையால் அளப்பதில் ஏன் நம்பகம் இல்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பெட்டியோடு வந்த இரட்டைத் தட்டுத் தராசையும் சற்றுப் பாராட்ட வேண்டும். முள் நடுவில் நிற்பதைப் பார்த்த பிறகுதான், சமக்குறியின் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மகளுக்குப் பிடிபட்டது. அதுவரை, சமக்குறி என்றால் விடையை எழுத வேண்டிய இடம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

இனி லாங் பஜார் படி. வாங்கியவற்றுள் மலிவானது டிஜிட்டல் தராசு. விலைக்கு மேல் பயன் தந்தது இந்தப் படிதான். வணிகத்தில் படியால் அளந்து விற்கும் காலம் போய்விட்டது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. இன்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதனால் இப்போது பாத்திரக் கடைகளில் கிடைக்கும் படிகள் முத்திரை இல்லாத வீட்டுச் சாமான்களே. ஒரு கடைப் படி போல் இன்னொரு கடைப் படி இருப்பதில்லை. வாங்கும்போது நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் முக்கியம். இரண்டு ஆழாக்கு ஒரு கால்படி, இரண்டு கால்படி ஒரு அரைப்படி, இரண்டு அரைப்படி ஒரு படி. கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டபோது கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவரே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று எண்ணவும் ஆரம்பித்துவிட்டார். அவர் முதலில் எடுத்துக் கொடுத்த ஆழாக்கு, எட்டாவது முறை ஊற்றும் முன்பே படியை வழியவிட்டது. அடுக்கில் தேடி வேறொன்றை எடுத்தோம். எங்களுக்கு அமைந்த படி 1,600 மில்லிக்கு அருகில் பிடிக்கிறது. ஆழாக்கு அதில் சரியாக எட்டில் ஒன்று.

பிளாஸ்டிக் கோப்பைகளைவிட இது ஏன் மேல் என்பது, வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த ஒரு நாளில் தெரிந்தது. பத்துப் பேருக்குச் சோறு வடிக்க வேண்டும். பிள்ளைகளின் ஆயா, அதாவது பாட்டி, அடுப்படியிலிருந்தே, “ஒண்ணேகால் படி போடு கண்ணு” என்றார். “எப்படி ஆயா உடனே சொன்ன?” என்று மகன் கேட்டான். “ஆளுக்கு ஒரு ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. மீதி ரெண்டு, கால்படி. இதுல இன்னா கணக்கு இருக்குது?” என்று அவர் திருப்பிக் கேட்டார். உரி என்றும் உழக்கு என்றும் அரைப்படிக்கும் கால்படிக்கும் வழங்கிய பெயர்கள் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதில் தொடங்கி, பதக்கு, தூணி, கலம் வரை பிசகாமல் சொல்கிறார். படியைக் குவித்து அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டியவரும் அவர்தான். குவித்து அளந்த படியில் எவ்வளவு கூடுதலாக ஏறுகிறது என்பதை மகன் தராசில் நிறுத்துப் பார்த்து வியந்துபோனான்.

அன்றைக்கு மகனுக்குத் தோன்றிய கேள்வி, இந்த நான்கு அளவைகளையும் ஒவ்வொரு முறை மட்டுமே பயன்படுத்தி எத்தனை ஆழாக்கு வரை அளக்க முடியும் என்பது. மூன்று ஆழாக்கு வேண்டும் என்றால் கால்படியும் ஆழாக்கும். பதினொன்று என்றால் படியும் கால்படியும் ஆழாக்கும். பதின்மூன்று என்றால் படியும் அரைப்படியும் ஆழாக்கும். ஒன்றிலிருந்து பதினைந்து வரை எந்த எண்ணும் விடுபடவில்லை. எந்த எண்ணுக்கும் இரண்டாவது வழி இல்லை. பயன்படுத்திய அளவைக்கு 1 என்றும் பயன்படுத்தாததற்கு 0 என்றும் போட்டு வரிசையாக எழுதச் சொன்னேன். பதின்மூன்றுக்கு 1101 என்று வந்தது. கணினி எண்களை எழுதும் இரும முறையும் இதுவே என்று சொன்னபோது, அவன் நம்பாமல் மறுபடியும் அளந்து பார்த்தான். ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால் என்று அமைந்த பெட்டிக் கோப்பைகளால் இந்த விளையாட்டை ஆட முடியாது. மூன்றிலொன்றைக் கற்பிக்க அவை தேவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; படிக் கணக்கு முழுவதும் பாதி பாதியாகவே இறங்குகிறது, அதில் மூன்றிலொன்றுக்கு இடமில்லை.

பெட்டியின் மேல் மூடியில், பேனாவும் நோட்டும் தேவையில்லை, சமைத்தாலே கணக்கு வந்துவிடும் என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. பொருளாதாரத்துக்கான 2019-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்ற சில ஆய்வாளர்களும் சேர்ந்து 2025 பிப்ரவரியில் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியது. காய்கறியின் விலையையும் மீதிச் சில்லறையையும் மனத்திலேயே பிழையின்றிக் கணக்கிட்ட அந்தப் பிள்ளைகளால், அதே அளவு எளிய கணக்கைப் பள்ளிப் பாடத்தின் வடிவில் எழுதிக் கொடுத்தபோது செய்ய முடியவில்லை. பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகளோ, ஏட்டுக் கணக்கைச் செய்துவிட்டுச் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்கும் சிறுவர்களை வைத்து நடத்தி 1985-இல் வெளியான பழைய ஆய்வும் இதையே சொன்னது: விற்பனையின்போது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடைகள் சரியாக இருந்தன, அவற்றையே வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நாற்பதுக்கும் கீழே இறங்கிவிட்டன. ஒரு பக்கம் கற்றது மறுபக்கம் தானாகப் போய்ச் சேருவதில்லை. எங்கள் வீட்டு ஆயா, தான் செய்ததைக் கணக்கு என்றே ஒப்புக்கொள்ளாததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

அதனால் ஒரு கோடு போட்ட நோட்டை அடுப்படி அலமாரியிலேயே வைத்தோம். ஒரு பக்கத்தில் நடந்தது, எதிர்ப்பக்கத்தில் அதே கணக்கு பள்ளியில் எழுதும் வடிவில். முக்கால் கோப்பை பருப்பு நான்கு பேருக்கு என்றால் ஆறு பேருக்கு எவ்வளவு என்பதை, மகன் முக்காலையும் அதில் பாதியையும் கிண்ணத்தில் கொட்டியே முடித்துவிட்டான். ஆனால் முக்காலை ஒன்றரையால் பெருக்கு என்று நோட்டில் எழுதிக் கொடுத்தபோது விழித்தான். இரண்டும் ஒரே கணக்கு என்று காட்டி, கிண்ணத்தில் இருந்ததைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதச் சொன்ன பிறகுதான், ஒன்றும் எட்டில் ஒன்றும் என்ற விடையைத் தாளில் தானே வரவழைத்தான். விடுமுறையின் பிற்பகுதியில் அவன் எதிர்ப்பக்கத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகு அளக்கத் தொடங்கியது எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி. இந்த நோட்டுக்கான இடத்தைப் பெட்டியைத் தயாரித்தவர்கள் விட்டிருந்தால், விலையைப் பற்றி நான் இவ்வளவு குறைபட்டிருக்க மாட்டேன்.

ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் விகிதமும் விகிதசமமும் வருவதால், அதற்கு முன்னோட்டமாகப் பிரியாணியை எடுத்துக்கொண்டோம். ஆம்பூர்ப் பக்கத்துப் பிரியாணியில் சீரகச் சம்பா அரிசி ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ கறி என்பது வழக்கமான அளவு. எங்கள் வீட்டில் அதற்குக் கால் கிலோ தக்காளி போடுவோம். கறி முக்கால் கிலோதான் இருந்தது. தக்காளி 187.5 கிராம் என்று மகன் கணக்கிட்டு, தராசில் தக்காளியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். “ரெண்டு தக்காளி போட்டுட்டு வேலையைப் பாரு” என்றார் ஆயா. எங்கே துல்லியம் வேண்டும், எங்கே குத்துமதிப்பு போதும் என்று அறிவதும் கணக்கில் ஒரு பகுதிதான். பெட்டியில் ஓர் அட்டைகூட அதைத் தொடவில்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கறியும் அரிசியும் எடையால், ஆனால் அரிசியும் தண்ணீரும் கொள்ளளவால். ஒரு ஆழாக்கு சீரகச் சம்பாவுக்கு ஒன்றரை ஆழாக்கு தண்ணீர் என்பதைக் கிலோவாக நினைத்துக்கொண்டால் பிரியாணி உலர்ந்துபோகும்.

காசு செலவில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்து, நடுக் கிண்ணத்தைச் சுற்றி எத்தனை கிண்ணங்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறு. ஒரே அளவு நாணயங்களை வைத்து அதையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் ஆறுதான் இடைவெளியின்றிப் பொருந்தும், ஐந்து வைத்தால் சந்து விழும், ஏழாவது நுழையாது. ஏன் என்று மகள் கேட்டாள். மூன்று நாணயங்களின் மையங்களை இணைத்தால் வரும் சமபக்க முக்கோணத்தை மகன் வரைந்து காட்டினான். 60 பாகையை ஆறு முறை சேர்த்தால் 360 வருகிறது என்பது அவளுக்கு முழுவதும் புரிந்திருக்காது என்றாலும், நாணயங்களை அவள் இன்னும் விடவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: வீட்டில் படியோ ஆழாக்கோ இருந்தால் பெட்டி தேவையில்லை, ஒரு தராசும் மில்லி அச்சிட்ட கோப்பை வரிசை ஒன்றும் தனித்தனியாக வாங்கினால் பெட்டி விலையில் பாதிகூட ஆகாது. நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் எடைக்கற்களையும் பயறு வகைகளையும் கொடுத்துவிட்டு அப்பால் போகாதீர்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். எவர்சில்வர் அளவைகளின் விளிம்பை வாங்கும்போதே விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மலிவான தகட்டில் செய்த ஆழாக்கில் விளிம்பு மடிக்கப்படாமல் கத்தி போல் இருக்கும். தலைதட்டும் பிள்ளையின் உள்ளங்கை அதன் மீதுதான் படும். மடித்த விளிம்புள்ளது வேண்டும் என்று கேட்டால் உள்ளிருந்து எடுத்துத் தருகிறார்கள், விலை சற்றுக் கூடும்.